காலையில் தெளிந்த முகம்

ஓர் ஆம்பளை கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்கலாம்? பிள்ளையார்பாளையத்தில் இதற்கென்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் குளியலறைக் கதவை ஒட்டி இருந்தால், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

"அண்ணா, நவுரு. எனக்கு பஸ்ஸு போயிடும்" என்றாள் சங்கீதா. அதற்குள் மூன்றாவது தடவை சொல்லிவிட்டாள்.

சிவராஜ் நகரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான். பிறகு கண்ணாடியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. போன வாரம் நாம் அவனை விட்டு வந்தபோது, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கூடத்தில் சுருண்டு கிடந்தான். துண்டுக்கு அடியில் இருந்த முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்தான். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றுகூடச் சொன்னான். அதே முகம் இந்தப் புதன்கிழமை காலையில் சிவப்பு வடிந்து, தெளிந்து, அமைதியாக இருக்கிறது. அதுவும் எந்த நாளில்? அவனுக்கு நிச்சயமான காயத்ரியின் வீட்டார் கூரைப்புடவை எடுக்க வருகிற நாளில்.

அந்த முகத்தின் கதையைத் தெரியாதவர்களுக்காக இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

சிவராஜ் காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். காஞ்சிபுரத்துக் கடைகளில் புடவை காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். விரித்துப் போட்டால் மட்டும் போதாது. சட்டைக்கு மேலேயே புடவையைத் தோளில் போட்டு, முந்தானையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, கொசுவத்தை இடுப்பில் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரியே ஒயிலாக நின்று காட்ட வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் புடவையைப் பார்ப்பார்கள், அதற்கு மேலே இருக்கிற முகத்தையும் பார்ப்பார்கள். அதனால் மாடியிலிருக்கும் முகூர்த்தப் பட்டு கவுண்டருக்கு முதலாளி ஆள் பொறுக்கும்போது திறமையை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் நிறத்தைப் பார்ப்பார்.

சிவராஜ் அவன் அப்பா பரமசிவத்தின் நிறம். நல்ல கறுப்பு. பருத்திப் புடவை கவுண்டரிலேயே வருஷக்கணக்கில் கிடந்தான். வாய் சாமர்த்தியம் அவனுக்குத்தான் அதிகம் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மாடிக்கு மட்டும் கூப்பிட மாட்டேன் என்கிறார்களே என்று மனம் புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான், மாடி கவுண்டர் லோகேஷ் ஒரு ரகசியத்தைச் சொன்னான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் கிடைக்கும், டாக்டர் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள், ராத்திரி தடவிக்கொண்டு படுத்தால் போதும். மாடியில் பாதிப் பேர் அதைத்தான் தடவுகிறார்களாம். அதற்குக் 'கவுண்டர் க்ரீம்' என்று அவர்களுக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, க்ரீம் வேலை செய்தது. ஒரே மாதத்தில் முகம் வெளுத்தது. மூன்றாம் மாதம் சிவராஜ் மாடிக்குப் போனான். அம்மா அம்சவேணிக்குப் பெருமை தாங்கவில்லை. தரகரிடம் "பையன் நல்ல செவப்பு" என்று சொல்லித்தான் போட்டோவைக் கொடுத்தாள். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வாலாஜாபாத்திலிருந்து காயத்ரியின் ஜாதகம் வந்தது.

ஆனால் அதற்கு வெகு முன்பே முகம் எரிய ஆரம்பித்திருந்தது. வெயில் பட்டால் மிளகாய்த்தூள் பூசின மாதிரி இருக்கும். ஒரு நாள் தடவாமல் விட்டால் சிவந்து, பொரிப் பொரியாகக் கிளம்பும். தடவினால் அடங்கும். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. நிச்சயம் முடிந்த கையோடு, தங்கை சங்கீதாதான் அவனைத் தோல் டாக்டரிடம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா டியூபைப் பார்த்த மாத்திரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் இருப்பது ஸ்டீராய்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்துக் கொஞ்ச நாள் மட்டும் போட வேண்டிய மருந்தாம். மூன்று வருஷம் தடவித் தடவித் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டதாம். நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், பயப்படக் கூடாது, மறுபடி அதைத் தொடவே கூடாது, சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்றார். சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார். முகத்துக்கு அவர் சொன்னது மிகச் சின்ன விஷயம். காலையில் நுரை அதிகம் வராத ஒரு ஃபேஸ் வாஷ், ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போகுமுன் சன்ஸ்கிரீன். ராத்திரி கழுவிவிட்டு மறுபடி மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். மஞ்சள் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது எதுவும் வேண்டாம்.

சொல்வது சுலபம். தலைக்கும் காலுக்கும் சட்டைக் காலருக்கும் ஒரே சோப்புப் போட்டு வளர்ந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை முகத்துக்கென்று மூன்று பாட்டில் வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. முதல் நாள் சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கடைக்குப் போனான். அன்றைக்கே தோளில் போட்ட மயில்கழுத்து நிறப் புடவையில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் பார்ப்பதற்குள் துடைத்தெடுத்துத் தப்பித்தான். அதிலிருந்து காலருக்குள் ஒரு கைக்குட்டையைச் சொருகிக்கொண்டுதான் புடவை காட்டுகிறான். இத்தனை கேலிக்கும் நடுவில் ஒரு வேளைகூடத் தவறாமல் கழுவினான், தடவினான். இருந்தும் முகம் எரிந்தது, சிவந்தது, உரிந்தது.

அதுதான் போன வாரம். இப்போது இந்தத் தெளிவு.

"பாத்தியா சங்கீதா, டாக்டரம்மா மாசக்கணக்குல ஆவும்னாங்க. மூணு நாளா எப்டி அடங்கிக்கினு வருது பாரு" என்றான்.

சங்கீதா அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்சவேணி காபி கொண்டுவந்தாள். மகன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் சந்தோஷத்துக்கு மேலேயும் ஏதோ இருந்ததை அவன் கவனிக்கவில்லை. டாக்டரம்மாவைத் தண்டச் செலவு என்று திட்டிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு அந்த அம்மாள் கைராசிக்காரி என்று புகழ்ந்தாள்.

பரமசிவம் மட்டும் கிட்டே வந்தார். அவர் சாயப்பட்டறைக்காரர். எந்த நூலையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் நம்ப மாட்டார். மகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மூணே நாள்ல இவ்ளோ மாறுமா?" என்று கேட்டார்.

"மாறிக்கிதே, கண்ணு தெரியலியா?" என்று அம்சவேணி வெடுக்கென்று பதில் சொன்னாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

சிவராஜ் வண்டியில் போகும்போது ஒவ்வொரு சிக்னலிலும் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். கடைக்குள் நுழைந்ததும் தூணில் பதித்த கண்ணாடியில் பார்த்தான். மாடிக்குப் போய் போன் கேமராவில் பார்த்தான். ஒரு வேலையும் ஓடவில்லை. அடுக்கின புடவையையே எடுத்து மறுபடி அடுக்கினான்.

காயத்ரி, அவள் அம்மா கங்கையம்மாள், தன் அம்மா, மூன்று பேரும் பத்தரைக்குள் வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் புடவையைத் தேர்ந்தெடுத்து, பில் போட்டு, நேரே காமாட்சியம்மன் கோயிலில் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட வேண்டும். கூரைப்புடவை அம்மன் காலடிக்குப் போய் வந்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்கப்புறம் யாரும் பின்வாங்குவதில்லை.

பத்து மணி சுமாருக்குப் போன் வந்தது. சங்கீதா.

பஸ்ஸை விட்டுவிட்டாளாம். வீட்டுக்குத் திரும்பி வந்தால், அப்பாவும் பட்டறையிலிருந்து எதற்கோ வந்திருந்தாராம். சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி வெடித்துப்போன அவர் கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அண்ணனுடைய மாய்ஸ்சரைசர் டப்பாவைத் திறந்து கொஞ்சம் தடவிவிட்டாளாம்.

"அண்ணா, நான் சொல்றதக் கேட்டுட்டுக் கத்தாத. அதுல ரோஸ் வாசன வருது."

சிவராஜ் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தான்.

"டாக்டரம்மா குடுத்ததுக்கு வாசனையே கெடையாது. நான்தானே கூட வந்து வாங்கினேன். சந்தேகப்பட்டு வீடு பூராத் தேடினேன். சாமி மாடத்துல குங்கும டப்பாக்குப் பின்னாடி ரெண்டு டியூப் பிதுக்கிப் போட்டுக் கெடக்குது. உன்னோட பழைய டியூப் இல்ல. புதுசு."

புடவை விரித்துக் காட்டுகிற மெத்தையின் ஓரத்தில் அவன் உட்கார்ந்தான். ரோஜா வாசனை. மூன்று வருஷம் தன் விரல்களில் இருந்த வாசனை. இன்று காலையிலும் அது வந்தது. நேற்று ராத்திரியும் வந்தது. அவனுக்கு அது தெரிந்தது என்பதுதான் இதில் மோசமான விஷயம். டப்பாவைத் திறக்கும்போது மூக்கு சொன்னதை அவன் கேட்டுக்கொள்ளவில்லை. முகம் அடங்கினால் போதும் என்று விட்டுவிட்டான்.

அம்மா கலந்திருக்கிறாள். அதில் சந்தேகமே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அந்த டப்பாவைத் தெருவில் வீச வேண்டும் போலிருந்தது. மறு நிமிஷம் வேறொரு நினைப்பு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? அதுவரைக்கும் இப்படியே ஓட்டிவிட்டால் என்ன? தாலி கட்டி முடித்துவிட்டு நிறுத்தினால் போகிறது. அந்த நினைப்பு தனக்கு வந்ததே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதை எழுப்பி அனுப்பவும் மனம் வரவில்லை.

எழுந்து நின்றான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான். "இன்னாபா, பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாலயே நடுக்கமா?" என்று லோகேஷ் கிண்டல் செய்தான். அவன் முகத்தைப் பார்த்த சிவராஜுக்கு, அது அவன் சொந்த முகம்தானா என்ற எண்ணம் முதல் தடவையாக வந்தது.

கீழே அம்மாவின் குரல் கேட்டது.

மூன்று பேரும் மாடியேறி வந்தார்கள். கங்கையம்மாள் பருத்த உடம்பு, மூச்சிரைக்க வந்து மெத்தையில் உட்கார்ந்தாள். வாலாஜாபாத்தில் புருஷன் போன பிறகு இட்லிக் கடை வைத்து ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவள். எதையும் முகத்துக்கு நேரே பேசுவாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, சூட்டுக் கட்டி வந்திருப்பதாகச் சம்பந்தியம்மாள் போனில் சொன்னார்களே, சுத்தமாக ஆறிப்போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டாள். சூட்டுக் கட்டி என்ற கதையைச் சிவராஜ் இப்போதுதான் முதலில் கேட்கிறான்.

காயத்ரி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரிசி ஆலையில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வேலை அவளுக்கு. போனில் நன்றாகவே பேசுவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். இன்றைக்குத் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். நிச்சயத்தன்று பார்த்ததைவிட நிறம் கூடியிருந்த மாதிரி தெரிந்தது. பவுடர் கொஞ்சம் அதிகம்தான். கன்னம் சிவந்திருந்தது. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பெண்களும் ஒரு படி நிறமாகத்தான் தெரிவார்கள்.

அவன் புடவைகளை எடுத்துப் போட ஆரம்பித்தான். வாய் அதன் பாட்டுக்குப் பேசியது. அரக்கில் மாம்பழக் கரை, கத்தரிப்பூவில் பச்சைக் கரை, மயில்கழுத்தில் அரக்குக் கரை. ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் காட்டினான். அம்மாக்கள் இருவரும் கையால் தடவிப் பார்த்தார்கள், ஜரிகையைத் திருப்பிப் பார்த்தார்கள், அது வேண்டாம், இது என்ன என்றார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் சிவராஜுக்கு உற்சாகம் பொங்கும். இன்றைக்கு கவுண்டர் விளக்குகளின் சூட்டில் அவன் கழுத்தில் வேர்த்து ஓடியது. கைக்குட்டை நனைந்துவிட்டது.

அடுத்த அடுக்கை எடுக்க உள்ளறைக்குப் போனான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அம்சவேணி பின்னாலேயே வந்தாள். ராகு காலத்துக்கு முன்னால் முடித்துவிடு, சும்மா புதுசு புதுசாக எடுத்துப் போட்டுக்கொண்டிருக்காதே என்று சொல்லத்தான் வந்தாள்.

"டப்பாவுல இன்னாம்மா கலந்த?" என்று கேட்டான்.

அம்சவேணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். மழுப்புவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மழுப்பவில்லை.

"ஆமா, கலந்தேன். நீ துண்டப் போட்டு மூடிக்கினு சோறு தண்ணி இல்லாம கெடந்தியே, அத்தப் பாத்துக்கினு நான் சும்மா இருக்கணுமா? உன் டாக்டரு குடுத்தது வெறும் தண்ணியாட்டம் இருக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால வெந்த மூஞ்சியோட உன்ன நிக்க வெக்க என்னால ஆவாது."

"அது வெஷம்மா. தோலு போயிடும்னு சொன்னாங்களே."

"இன்னா வெஷம்? நல்ல மருந்து. யாரு போட்டாலும் கேக்குது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் உன் டாக்டரு சொல்றபடி ஆடு. இப்ப கண்ணத் தொடச்சிக்கினு வா."

கண்ணில் தண்ணீர் நின்றது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தான், முடியவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று அவளுக்கு முந்தியே மனசுக்குள் சொன்னவன் அவனேதான். அம்மா வாயிலிருந்து கேட்டபோது அது அசிங்கமாக இருந்தது. காயத்ரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அந்த உள்ளறையில்தான் முடிவு செய்தான். புடவை கோயிலுக்குப் போவதற்குள் சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்று போனாலும் போகட்டும். ஏமாந்து வந்து வாழ வேண்டாம்.

முடிவு செய்ததும் நிம்மதி வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. புடவை அடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

கடைசியில் இரண்டு புடவை மிஞ்சின. இரண்டும் அரக்கு. ஒன்றில் மாம்பழக் கரை, இன்னொன்றில் பச்சைக் கரை. விளக்கு வெளிச்சத்தை நம்பக் கூடாது, வெயிலில் பார்க்க வேண்டும் என்று கங்கையம்மாள் சொன்னாள். காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க வருகிற எல்லோரும் அதைச் சொல்வார்கள். கடைக்காரர்களும் விட்டுவிடுவார்கள். பச்சைக் கரையை எடுத்துக்கொண்டு அம்மாக்கள் இருவரும் கீழே வாசலுக்குப் போனார்கள். லோகேஷ் புரிந்துகொண்டு அடுத்த கவுண்டருக்கு நகர்ந்தான்.

மாம்பழக் கரைப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டச் சொன்னாள் காயத்ரி. அவன் போட்டுக்கொண்டு நின்றான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள்.

"காயத்ரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "இப்ப நீ பாக்கறது என் மூஞ்சி இல்ல. போட்டோல பாத்ததும் இல்ல."

குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மாடி கவுண்டரையும் டியூபையும் சொன்னான். டாக்டரம்மா சொன்னதையும், மூன்று நாளாகத் தெரியாமல் தடவிக்கொண்டதையும் சொன்னான். நிறுத்தினால் கல்யாணத்தன்று முகம் எப்படி இருக்கும் என்று தனக்கே தெரியாது என்றான். தன் சொந்த நிறம் அப்பாவுடையது என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இடறியது.

காயத்ரி திட்டவில்லை, அழவும் இல்லை. புடவைக் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அதுல ரோஸ் வாசன வருமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

அவள் கைப்பையைத் திறந்தாள். பாதி பிதுக்கின ஒரு டியூபை எடுத்து மெத்தைமேல் வைத்தாள்.

"நிச்சயத்தன்னிக்கி அத்த என்னத் தனியாக் கூப்ட்டுக் குடுத்தாங்க. எம் புள்ள செவப்பு, நீ மாநெறம், ஜோடி பொருத்தமா இருக்க வோணாமா, தெனம் ராத்திரி தடவிக்கோம்மான்னாங்க. எங்கம்மாவுக்குத் தெரிய வோணாம்னாங்க. அன்னிலேருந்து போட்டுக்கினு இருக்கேன்."

சிவராஜ் டியூபைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். விளக்கை மறைத்துக் கொஞ்சம் குனிந்து அவள் கன்னத்தை உற்றுப் பார்த்தான். பவுடருக்கு அடியில் இருந்தது வெட்கம் இல்லை. மூக்கோரத்திலும் கன்னத்து மேட்டிலும் அதே சிவப்பு. ஊரிலுள்ள யாருக்கு அது தெரியாமல் போனாலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமாக எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவன் தன் முகத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வெயில்ல நின்னா எரியுது" என்றாள். "பஸ் ஸ்டாப்புல துப்பட்டாவப் போட்டு மூடிக்கினு நிக்கறேன். மில்லுல எல்லாரும் கல்யாணக் களைன்றாங்க. நானும் சிரிச்சிக்கினு இருக்கேன்."

"இன்னிலேருந்து அத்தத் தொடாத. எனக்கு மூணு வருஷம், உனக்குக் கொஞ்ச நாள்தான். சீக்கிரம் சரியாயிடும். டாக்டரம்மாகிட்ட நான் கூட்டிக்கினு போறேன்."

"எப்ப? கல்யாணத்துக்கு முன்னாலயா, அப்புறமா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சிவராஜுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. காலையில் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த நினைப்பை இவள் எப்படியோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"முன்னால. இன்னிக்கே" என்றான்.

"அப்ப எங்கம்மாவுக்குத் தெரியணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மாக்கள் வருகிறார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டாகக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அம்சவேணி முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தாள். பச்சைக் கரை வெயிலில் எடுப்பாக இல்லையாம், மாம்பழக் கரைதான் சரியாம், சம்பந்தியம்மாளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறதாம். சீக்கிரம் மஞ்சள் வைத்துப் பில் போடச் சொல் என்றாள்.

பிறகுதான் மெத்தைமேல் இருந்த டியூபைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. மகனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். வேண்டாம்பா, இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம் என்று அந்தக் கண் சொன்னது. இருபத்தெட்டு வருஷத்தில் அம்மா தன்னிடம் கெஞ்சி அவன் பார்த்ததில்லை.

டியூபை எடுத்தான். கங்கையம்மாளிடம் நீட்டினான்.

"அத்தே, பில்லு போடறதுக்கு முன்னால இத்தப் பாருங்க. இத்த உங்க பொண்ணு மூஞ்சில போட்டுக்கினு இருக்குது. தோலக் கெடுக்கற மருந்து. குடுத்தது எங்கம்மா. எங்கம்மாவுக்கு இத்தக் காட்டிக் குடுத்தது நான்."

கங்கையம்மாள் டியூபை வாங்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முந்தானையை நனைத்தாள். காயத்ரியின் முகவாயைப் பிடித்து, கண்ணிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். பவுடர் போன இடத்தில் கன்னம் நெருப்புப் பட்ட மாதிரி சிவந்து, நுண்ணிய ரத்த நரம்பு ஓடித் தெரிந்தது. அடுத்த கவுண்டரில் பேச்சு நின்றது. எத்தனையோ வருஷம் அடுப்படிப் புகையிலும் அனலிலும் நின்று, அந்த முகத்தில் மட்டும் அனல் படாமல் வளர்த்தவள் அவள்.

"எம் பொண்ணு எந்த நெறமோ அந்த நெறத்தப் பாத்துத்தானே நீங்க வந்து கேட்டீங்க" என்றாள் அம்சவேணியிடம். சத்தமே போடவில்லை.

கங்கையம்மாள் தரையில் கை ஊன்றி எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"காயத்ரி, எழுந்திரு. பஸ்ஸுக்குப் போலாம்."

சிவராஜ் தோளில் கிடந்த புடவையை எடுத்து மடிக்கப் பார்த்தான். மடிக்க முடியவில்லை. முந்தானையின் மறு நுனியைக் காயத்ரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா" என்றாள் கங்கையம்மாள் மறுபடியும்.

காயத்ரி எழுந்திருக்கவில்லை.